இரு பச்சைகளுக்கு நடுவே

தாயாரின் அறைக்குப் புதிதாகப் பெயிண்ட் அடிக்க முனைந்தபோது, இளம்பிஸ்தா, இலைப்பச்சை ஆகிய இரண்டுக்குமிடையே நாங்கள் தடுமாறினோம். வண்ண அட்டையில் இலைப்பச்சையே எங்களைக் கவர்ந்தது. ஆயினும் இரண்டிலும் மாதிரிக்குச் சிறிதளவு வாங்கி, சன்னலுக்கு எட்டாத மூலையில் இரண்டடிச் சதுரங்களாக இருமுறை பூசி, நன்கு உலரவிட்டோம்.

பகலில் எழிலாகத் தோன்றிய இலைப்பச்சை, இரவில் மஞ்சள் விளக்கொளியில் கருத்துவிட்டது. கண்புரை தொடங்கியிருந்த தாயார், “அந்த மூலையில் விளக்கு எரியவில்லையா?” என்று வினவினார். வெளிர்நிறமே ஒளியை மிகுதியாகத் திருப்பித் தரும், இளம்பிஸ்தாவையே தேர்ந்தோம்.

மாதிரிக்கான சிறு செலவு, அறை முழுவதற்கும் மீண்டும் பெயிண்ட் அடிக்கும் பெருஞ்செலவைத் தவிர்த்தது. வாடிக்கையாளர்களே, பகலிலும் இரவிலும் பார்த்து முடிவெடுங்கள். அவ்வறையில் வாழப்போகிறவரையும் கேளுங்கள்.