போருக்குப் போன மரம்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் ஜி.என்.டி. சாலையில், செங்குன்றம் தாண்டினால் சோழவரம். ஒருகாலத்தில் கார் பந்தயத்துக்குப் பேர்போன அங்குள்ள ஓடுதளம் இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களுக்காகப் போடப்பட்டது. அந்தப் போரில் இந்திய விமானிகள் அதிகம் ஓட்டிய சண்டை விமானம் ஹரிக்கேன். ஆயிரம் குதிரைத்திறனைத் தாண்டிய எஞ்சின். ஆனால் பல ஹரிக்கேன்களில் இருந்த ரோட்டால் நிறுவனத்துப் புரொப்பெல்லரில் அலகுகள் மரம்!

வெறும் மரமல்ல. மெல்லிய மரத்தாள்களுக்கு ரெசின் ஊட்டி, சூட்டோடு அழுத்தி இறுக்கிய ‘ஜாப்லோ’. அலகின் அடியில் கனத்த மரம், நுனிப் பக்கம் இலேசான மரம். காரணம் கணக்கில் இருக்கிறது. 2 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றினால், நுனியின் வேகம் மணிக்கு 940 கிலோமீட்டர். நுனியிலுள்ள 10 கிராம் மரம், 70 கிலோ எடையைத் தொங்கவிட்டதுபோல் வெளிப்பக்கம் இழுக்கும். அத்தனை இழுப்பையும் அடிப்பகுதிதான் தாங்கியாக வேண்டும்.

மரத்தை இப்படி அடுக்கி ஒட்டும் வேலையை ரைட் சகோதரர்களே செய்தார்கள். 1903இல் ஸ்புரூஸ் பலகைகளை அடுக்கி ஒட்டி, கையால் செதுக்கி, நுனி பிளக்காமலிருக்கத் துணி போர்த்தினார்கள். ஒற்றைப் பலகைக்குள் கணு எங்கே ஒளிந்திருக்கிறதென்று யார் கண்டது? 1909இல் விமானி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து தாண்டியதும் ஷொவியேர் செய்த அடுக்குப் பலகைப் புரொப்பெல்லரில்தான்.

மரத்துக்கு எதிரி ஈரம். மழைக்காலத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும், சுருங்கினால் நடுவிலுள்ள போல்ட்டுகள் தளரும். அதனால் பருவம் மாறும்போது மெக்கானிக்குகள் போல்ட் இறுக்கத்தைச் சரிபார்ப்பார்கள். விமானத்தை நிறுத்தினால் இரட்டை அலகுப் புரொப்பெல்லரைப் படுக்கைவாட்டில் விடுவார்கள். நிமிர்த்தி விட்டால் ஈரம் கீழ் அலகில் இறங்கி, எடைச் சமநிலை கெடும்.

இந்தத் தொல்லைகளைப் பார்த்து உலோகத்துக்கு மாறியவர்கள் வேறொன்றில் மாட்டிக்கொண்டார்கள். எஞ்சினின் அதிர்வில் அலுமினியம் அயர்ந்துபோகும். ஒரு சின்னக் கீறல் விரிசலாக வளரும். மரம் அதிர்வை உள்வாங்கிக்கொள்ளும். சக்கரம் இறங்காமல் விமானம் தரையில் உரசினால் மர அலகு சிதறிவிடும். எஞ்சினுக்குப் பெரும்பாலும் அடி குறையும். போர்க்காலத்தில் இது சின்ன லாபமில்லை.

போருக்குப் பிறகும் மரம் விடைபெறவில்லை. 2004 மே 29 அன்று பெங்களூரில் முதன்முதலாகப் பறந்த நம் ‘சரஸ்’ விமானத்துக்கு, ஜெர்மனியின் எம்.டி. நிறுவனத்து ஐந்தலகுப் புரொப்பெல்லர்கள். அந்த நிறுவனத்தின் வழக்கமான வேலைப்பாடு இது: அடியில் அழுத்திய பீச், மேலே ஸ்புரூஸ், சுற்றிலும் இழைத்தோல், மழைத்துளியும் மணலும் அரிக்காமலிருக்க முன்விளிம்பில் உலோகப் பட்டை. ஈரத்தை அந்தத் தோல் பார்த்துக்கொள்கிறது.

காற்றாலை அலகுகள் பலவற்றிலும் கண்ணாடியிழைக்கு நடுவே பால்சா மரம் இருக்கிறது. அங்கே அதற்கு இடையில் நின்று விறைப்புத் தரும் வேலை மட்டும்தான். புரொப்பெல்லரில் மரமே சுமை தாங்குகிறது.