சுயேச்சைக்கு 10 கையெழுத்து!

காஞ்சிபுரம் பக்கம் வயலாய்வுக்குப் போனபோது ஒரு விவசாயி கேட்டார்: “ஏரி மதகைச் சரிசெய்ய யாருமில்லை. சட்டமன்றத் தேர்தலில் நானே சுயேச்சையாக நிற்கலாமா சார்?”

நிற்கலாம். அந்தத் தொகுதி வாக்காளர்கள் 10 பேர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் போதும்.

இந்த விதிக்குப் பின்னால் விவசாயிகளின் கதை உண்டு. 1996-ல் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில், குறைகளைக் கேட்க ஆளில்லை என்று விவசாயிகள் திரண்டு மனு போட, 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சானது. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. 10 முன்மொழிவோர் கட்டாயமாயினர்.

உத்திரமேரூர் தொகுதியில் ஓட்டுள்ள மச்சான், காஞ்சிபுரம் மனுவில் கையெழுத்துப் போட முடியாது. பட்டியலில் பாகம் எண், வரிசை எண்ணைச் சரிபாருங்கள். கைநாட்டு வைப்பவரைத் தேர்தல் அலுவலர் முன்பே வைக்கச் சொல்லுங்கள். 4 மனுக்கள் வரை தரலாம். ஒவ்வொன்றுக்கும் வேறு 10 பேரைப் பிடியுங்கள். ஒரே நாற்றங்காலை நம்பியா நடவுக்கு இறங்குவோம்?