7381154 என்ற கப்பல்

ஓர் எண்ணெய்க் கப்பலுக்கு ஐந்து பெயர்கள். ஜப்பானின் ஓப்பாமாவில் கட்டப்பட்டு, நடுவே வெட்டி நீட்டப்பட்டு, 458 மீட்டர் நீளத்தில் கடலுக்குப் போனபோது அது சீவைஸ் ஜயன்ட். 1988-இல் ஈரானின் லாரக் தீவருகே ஈராக் விமானங்கள் குண்டு வீசியதில் ஆழமற்ற கடலில் மூழ்கியது. மீட்டுச் செப்பனிட்டதும் ஹேப்பி ஜயன்ட் ஆனது; பின்னர் யாரே வைக்கிங், நாக் நெவிஸ். குஜராத்தின் அலங் கரைக்கு உடைபடப் போன கடைசிப் பயணத்துக்கு மட்டும் மான்ட். உரிமையாளர்கள் மாறினார்கள், கொடி மாறியது. கப்பலின் நிலையான அடையாளமான ஐஎம்ஓ எண் மட்டும் ஒன்றேதான்: 7381154.

அந்த எண்ணுக்குள்ளேயே ஒரு காவல் உண்டு. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்குங்கள்: 49, 18, 40, 4, 3, 10. கூட்டினால் 124. அதன் கடைசி இலக்கமான 4-தான் கப்பல் எண்ணின் ஏழாவது இலக்கம். யாராவது ஓர் இலக்கத்தைத் தப்பாகத் தட்டிவிட்டால் பெரும்பாலும் இந்தக் கணக்கிலேயே அகப்பட்டுவிடும்.

எண் கப்பல் எது என்று சொல்லும்; அது எங்கே இருக்கிறது என்று சொல்வது ஏஐஎஸ் எனும் தானியங்கி அடையாளக் கருவி. மோதலைத் தவிர்க்க வந்தது. 2004 முடிவுக்குள் பன்னாட்டுக் கடலோடும் பெரிய கப்பல்களுக்கெல்லாம் கட்டாயமானது. செயற்கைக்கோளிலிருந்து தன் இருப்பிடத்தைக் கணித்து, விஎச்எஃப் வானொலி அலையில் அது அறிவிக்கும். 14 நாட் வேகம் வரை 10 விநாடிக்கு ஒரு முறை, நங்கூரமிட்டிருந்தால் 3 நிமிடத்துக்கு ஒரு முறை.

சிங்கப்பூர் நீரிணை போன்ற நெரிசலில் இத்தனை கப்பல்களும் பேசினால் சந்தை இரைச்சல் ஆகிவிடாதா? ஆகாது. ஒவ்வொரு நிமிடமும் 2,250 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தன் அடுத்த முறை எந்தத் துண்டில் என்பதை ஒவ்வொரு கப்பலும் முன்கூட்டியே சொல்லிவைக்கும். மற்றவை அதை விட்டுக்கொடுக்கும். மேலிருந்து ஏவும் அதிகாரி எவருமில்லை. கப்பல் கண்காணிப்பில் நான் மிகவும் நேசிக்கும் ஏற்பாடு இதுதான். பூமியின் வளைவைத் தாண்டி இந்த அலை கரைக்கு எட்டாது; நடுக்கடலில் அதைச் செயற்கைக்கோள்கள் கேட்கின்றன.

ஆனால், திரையில் தெரிவதெல்லாம் கருவி அளந்ததல்ல. போய்ச்சேரும் துறைமுகம், கப்பல் நீரில் அமிழ்ந்திருக்கும் ஆழம் இரண்டையும் மாலுமிகள் கையால் பதிகிறார்கள். அந்த ஆழம்தான் சரக்கின் குறி. 20 லட்சம் பீப்பாய் சுமக்கும் டேங்கர் வெறுமையாக இருக்கையில் சுமார் 10 மீட்டர் அமிழும், நிரம்பினால் 20 மீட்டரைத் தாண்டும். பழைய எண்ணை மாற்ற மறந்தாலோ, வேண்டுமென்றே பொய் எழுதினாலோ கரையில் இருப்பவருக்குக் கிடைப்பது தவறான படம். கருவியை அணைத்துவிட்டு மறையும் கப்பல்களும் உண்டு. அவற்றை ரேடார் செயற்கைக்கோள்களால் தேடலாம்: கப்பலின் இரும்புடல் இருட்டிலும் மேகத்தடியிலும் ரேடாருக்குப் பளிச்சென்று தெரியும். கப்பல் எவ்வளவு பெரியது என்று ரேடார் சொல்லும், பெயரைச் சொல்லாது.

எந்தக் கப்பல், எங்கே, என்ன சுமையோடு என்பது கரையில் இருப்பவர்களுக்கும் முக்கியம். 2020 செப்டம்பரில் இலங்கையின் அம்பாறைக் கரைக்கு அப்பால் நியூ டயமண்ட் என்ற டேங்கர் தீப்பிடித்தது. குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த அதில் ஏறத்தாழ 2,70,000 டன் கச்சா எண்ணெய் இருந்தது. மாலுமி ஒருவர் இறந்தார். இலங்கைக் கடற்படையும் இந்தியக் கடலோரக் காவல்படையும் பல நாள் போராடித் தீயை அணைத்தன. சரக்குத் தொட்டிகளை அது எட்டவில்லை. அந்தக் கடலை நம்பி வலை வீசுகிறவர்கள் அதே கரையில்தான் வாழ்கிறார்கள்.