பீடிக் கணக்கைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து மாற்றும் வேலை

திருநெல்வேலியில் பேட்டையிலும் மேலப்பாளையத்திலும், மேற்கே முக்கூடல் பக்கத்து ஊர்களிலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிற பெண்களின் கூலியும் பி.எஃப்.பும் ஒரு காலத்தில் பேரேட்டில் இருந்தன. பிறகு கம்ப்யூட்டருக்குப் போயின. அப்போது பீடிக் கம்பெனி அலுவலகங்களுக்குப் புரோகிராம் எழுதியவர்கள் கையில் இருந்தவை டிபேஸ், கிளிப்பர், ஃபாக்ஸ்புரோ. ஃபாக்ஸ்புரோவை 1992-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. இனிப் புதிய பதிப்பு கிடையாது என்று 2007-ல் சொல்லிவிட்டது. 2015 ஜனவரியோடு ஆதரவும் நின்றது. டாஸுக்கு எழுதிய 16 பிட் புரோகிராமை இன்று கடையில் வாங்கும் 64 பிட் விண்டோஸ் திறக்கவே செய்யாது. அதனால்தான் மூலையில் ஒரு பழைய மெஷினைத் துணி போட்டு மூடி வைத்து, சம்பள நாளில் மட்டும் எழுப்புகிற வழக்கம் வந்தது.

அந்த மெஷின் செத்துப்போனால் என்ன போகும் என்று தெரிந்துகொண்டுதான் இந்த வேலையில் இறங்க வேண்டும். பத்து வருஷச் சேவை இருந்தால்தான் பி.எஃப். உறுப்பினருக்கு 58 வயதில் மாதப் பென்ஷன். கடைசி மிச்சம் ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு வருஷமாகச் சேர்ப்பார்கள். ஆகவே விளிம்பில் நிற்கும் ஒருத்திக்குப் பழைய கோப்பில் ஒரு வருஷம் விழுந்துபோனால் பென்ஷனே இல்லை. பழைய வருஷங்களுக்குத் தகராறு என்று வந்தால், கம்பெனி ஆளுக்கு ஒன்றாக அனுப்பிய படிவம் 3ஏ-யும் அதற்கு அடிப்படையான கூலிப் பதிவும்தான் பேசும். எனவே இங்கே மாற்றப்படுவது புரோகிராம் என்றாலும், காப்பாற்ற வேண்டியது அந்த மாதக் கணக்கு ஒவ்வொன்றையும். கீழே சொல்கிற வரிசை முழுக்க அதற்காகத்தான்.

முதல் வேலை, எதையும் தொடாமல் நகல் எடுப்பது. மெஷினை இயக்கிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, அடாப்டர் வழியாக வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, படிக்க மட்டும் என்ற நிலையில் டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாகப் பிரதி எடுக்க வேண்டும். ஃபோல்டரை மட்டும் காப்பி செய்தால் போதாது. ஆட்டோஎக்ஸெக் கோப்பு, பிரிண்டர் அமைப்பு, எங்கோ இன்னொரு டைரக்டரியில் கிடக்கும் போன வருஷக் கோப்புகள் எல்லாம் விட்டுப்போகும். பிரதிகள் இரண்டு. ஒன்று அலுவலகத்தில் இருக்கலாம். மற்றது வேறு ஊரில் இருக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை புரண்டபோது கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. தரைத்தளத்து பீரோவில் இருக்கும் பேக்கப்பை பேக்கப் என்று சொல்லக் கூடாது.

டிஸ்க்கைத் திரும்ப மாட்டியதும் மெஷினின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருஷம் பின்னால் ஓடிவிடும். யாரும் கவனிக்காமல் பதிந்த வாரக் கூலி தவறான வருஷத்தில் உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்ட வரிகளைத் தனியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது திருத்தக் கூடாது.

அடுத்தது, பழைய புரோகிராமைப் புதிய மெஷினுக்குள் உயிரோடு வைப்பது. டாஸை ஒரு பெட்டிக்குள் இயங்க வைக்கும் விடாஸ், டாஸ்பாக்ஸ், வர்ச்சுவல்பாக்ஸ் போன்றவை இதற்கு உதவும். டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது. பார்த்துக்கொள்ள அது போதும், தினசரிப் பதிவுக்கு அதை நம்ப மாட்டேன். பழைய ஃபாக்ஸ்புரோ வேகமான சிப்பில் ‘பூஜ்யத்தால் வகுத்தல்’ என்று பிழை காட்டி நின்றுவிடும். புரோகிராம் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். தொடங்கும்போது சிப்பின் வேகத்தை அளக்கும் இடத்தில் வரும் கோளாறு அது, வேகத்தைக் குறைத்தாலே போய்விடும். எல்.பி.டி. போர்ட்டுக்குப் போகும் பிரிண்ட்டைப் புதிய பிரிண்டருக்குத் திருப்பி, 132 காலம் கூலிப் பட்டியல் கோணாமல் வருகிறதா என்று பார்த்தால் இந்தப் படி முடிந்தது. அவசரம் இல்லாமல் மற்ற வேலையைப் பார்க்க இது அவகாசம் வாங்கித் தரும்.

இனிக் கோப்புகளைத் திறக்கலாம். கூலிப் பதிவுகள் டிபிஎஃப் கோப்புகளில் இருக்கும். கட்டளைகள் பிஆர்ஜி கோப்பில். பிஆர்ஜி தொலைந்து, தொகுக்கப்பட்ட எஃப்எக்ஸ்பி மட்டும் மிஞ்சியிருந்தாலும் ரீஃபாக்ஸ் போன்ற கருவியால் பெரும்பகுதியை மீட்கலாம். டிபிஎஃப் கோப்பில் ஃபீல்டின் பெயருக்குப் பத்து எழுத்துதான் இடம். அதனால் எழுதியவர் சுருக்கி வைத்த பெயர்களுக்கு அர்த்தம் கண்டுபிடிக்கவே நாள் பிடிக்கும். கணக்கரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு ஃபீல்டுக்கு ஒரு வரி என்று அகராதி எழுத வேண்டும்: இதில் என்ன இருக்கிறது, எந்த வருஷத்திலிருந்து நிரப்பினார்கள், காலியாக இருந்தால் என்ன அர்த்தம். முகவரிக்கென்று வைத்த இடத்தில் கடை எண்ணைப் போட்டிருப்பார்கள். ஒரு காலத்தில் ஒரு குறியீட்டுக்கு ஓர் அர்த்தம், கடை கைமாறிய பிறகு வேறு அர்த்தம். கணக்கர் ஓய்வு பெறுவதற்குள் இந்த அகராதியை முடித்துவிட வேண்டும். இந்த முழு வேலையிலும் தள்ளிப்போட முடியாதது இது ஒன்றுதான்.

டிபிஎஃப்பில் ஒரு வரியை ‘டெலீட்’ செய்தால் அது அழியாது. வரியின் முதல் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும். ‘பேக்’ கட்டளை கொடுக்கும்வரை வரி அப்படியே கிடக்கும். வேலையை விட்டு நின்ற பெண்களைப் பட்டியலிலிருந்து எடுக்க இப்படித்தான் டெலீட் செய்வார்கள். மாற்றித் தரும் கருவிகள் பல, நட்சத்திரம் போட்ட வரிகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். அந்த வரிகளில்தான் இருபது வருஷத்துக்கு முன் பீடி சுற்றி நிறுத்தியவளின் சேவை இருக்கிறது. ஆகவே அவற்றையும் எடுத்து, ‘நீக்கப்பட்டது’ என்று ஒரு தனிக் குறியோடு கொண்டுபோக வேண்டும்.

தேதியிலும் இதே கவனம். கோப்புக்குள் வருஷம் நாலு இலக்கத்தில்தான் இருக்கும். திரையில் இரண்டு இலக்கம் தட்டினால் பழைய ஃபாக்ஸ்புரோ அதை 1900-களில் வைத்துக்கொள்ளும். 2003-ல் சேர்ந்தவள் 1903-ல் சேர்ந்ததாக இருப்பாள், பிறப்பதற்கு முன்பே. சேர்ந்த தேதியை இப்படிக் கண்டுபிடித்துத் திருத்துவது எளிது. பிறந்த தேதிதான் கஷ்டம். தேதி தெரியாத பலருக்கு ஜனவரி 1 அல்லது ஜூலை 1 என்று போட்டிருப்பார்கள். அதைச் சூத்திரம் போட்டு மாற்றக் கூடாது. பென்ஷன் வயது அதிலிருந்து கணக்காகிறது. வாரிசு நியமனத்துக்கு அவள் கைநாட்டு வைத்த படிவம் 2 கோப்பறையில் இருந்தால் அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

பெயர்களுக்கு வருவோம். டாஸ் காலத்தில் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் ஏறின. லட்சுமியை நம் ஊரில் லெச்சுமி என்கிறோம். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். இசக்கியம்மாள் எகரத்தில் தொடங்குவாள், பேச்சியம்மாளுக்கு நடுவில் ஒரு டகர எழுத்து கூடும், பீவிக்கும் பாத்திமாவுக்கும் நாலைந்து வடிவம். கல்யாணத்துக்கு முன் தகப்பன் பெயர், பின் புருஷன் பெயர். ஆதார் இணையாத உறுப்பினருக்குப் பணம் கட்ட முடியாது என்ற விதி 2021-ல் வந்தபோது இந்த வித்தியாசம் ஒவ்வொன்றும் ஒரு தடையாக நின்றது.

இந்த இடத்தில் ஒத்த பெயர்களை மெஷினே சேர்த்துவிடட்டும் என்று விடுவது பெரும் ஆபத்து. ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கும் ஊர் இது. ஒருத்தி பணம் இன்னொருத்தி கணக்கில் ஏறிவிட்டால் அதைத் திரும்ப எடுக்க அவள் அலைய வேண்டும். சேர்க்க வேண்டிய இணைப்பு பி.எஃப். எண்தான், பெயர் இல்லை. எண் வரிசையில் பட்டியல் அடித்துக்கொண்டு பீடிக்கடைக்குப் போய், பீடி கொண்டுவரும் நாளில் ஒவ்வொருவரிடமும் கேட்பதுதான் வழி.

“லாத்தா, கார்டுல மைதீன் பாத்துன்னுல்லா இருக்கு. ஆதார்ல மைதீன் பாத்திமான்னு இருக்கே?”

“எங்க வாப்பா கூப்பிட்டது பாத்து. பள்ளிக்கூடத்துல பாத்திமான்னு எழுதிட்டாவ தம்பி. ரெண்டும் நாந்தான்.”

இந்தப் பதிலைக் கேட்டு உடனே பெயரை மாற்றிவிடாமல், பழைய எழுத்து ஒரு ஃபீல்டில், ஆதார் எழுத்து இன்னொரு ஃபீல்டில், தமிழில் யூனிகோடில் மூன்றாவதாக என்று வைக்க வேண்டும். பி.எஃப். அலுவலகத்தில் மாற்றம் கூட்டு விண்ணப்பம் மூலமாக நடக்கட்டும். பழைய சலானும் படிவமும் பழைய எழுத்தில்தான் இருக்கும் என்பதால் அதை அழித்தால் சங்கிலி அறுந்துவிடும்.

பிறகு கணக்கு விதிகள். பெரும்பாலான தொழில்களுக்குப் பி.எஃப். 12 சதவீதம், பீடிக்கு 10. முதலாளி கட்டும் அந்தப் பத்தில் 8.33 பென்ஷனுக்கும், மீதி 1.67 பி.எஃப்.புக்கும் போகும். 1995 நவம்பர் 16-க்கு முன் இருந்தது குடும்பப் பென்ஷன் திட்டம். பிரிக்கும் விகிதமே வேறு. இவற்றையெல்லாம் பழைய புரோகிராம் நடுநடுவே எண்ணாகவே எழுதி வைத்திருக்கும். இதில் ஒரு பொறி உண்டு: குறைந்தபட்ச போனஸும் 8.33 சதவீதம்தான். பென்ஷன் விகிதம் என்று நினைத்து 8.33 வரும் இடங்களையெல்லாம் மொத்தமாக மாற்றினால் போனஸ் கெட்டுப்போகும். புதிய அமைப்பில் விகிதங்கள் ஒரு பட்டியலில் இருக்க வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் பெயர், தொடங்கிய தேதி, முடிந்த தேதி. ஆயிரம் பீடிக்கான கூலியும் வருஷாவருஷம் மாறும் பஞ்சப்படியும் அதே மாதிரி. அப்போதுதான் பாக்கி போடும்போது அந்தந்த மாதத்து விகிதத்தை எடுக்கும்.

எதற்கு மாற்றுவது என்ற கேள்வியை இவ்வளவுக்குப் பிறகு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. விதிகளை எழுதி முடித்த பிறகுதான் எது பொருந்தும் என்று தெரியும். மேற்கே தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகமே இருக்கிறது. டேலியும் எல்லாக் கடையிலும் உண்டு. கொள்முதல், விற்பனை, ஜி.எஸ்.டி. மாதிரி எல்லோருக்கும் பொதுவான கணக்கைத் தயார் மென்பொருளுக்கே கொடுத்துவிடலாம். 2025 செப்டம்பர் 22-ல் பீடி இலைக்கு 18 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், 2026 பிப்ரவரி 1-ல் பீடிக்கு 28-லிருந்து 18 ஆகவும் வரி மாறியபோது அப்படிப்பட்ட இடங்களில் வேலை சுருக்கமாக முடிந்தது. ஆனால் இலையும் தூளும் கொடுத்து, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி போட்டு, கழித்த பீடியைக் குறைத்து, வாரம் வாரம் பட்டுவாடா செய்யும் கணக்கு மாதச் சம்பளத்தை நினைத்து எழுதிய மென்பொருளுக்குள் சரியாக உட்காராது. அதற்கு போஸ்ட்கிரஸ் மாதிரி இலவச டேட்டாபேஸின் மேல் சிறிய புரோகிராம் ஒன்றைத் தனியே எழுதுவதே நல்லது என்பது என் கருத்து. திரையும் பழையதுபோலவே இருக்கட்டும்: எண்ணைத் தட்டி என்டர், அளவைத் தட்டி என்டர், மவுஸைத் தொடவே கூடாது. கூலிக்கு நிற்கும் வரிசை நீண்டால் அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்தவள்தான் காத்திருப்பாள்.

ஏற்றிய பிறகு சரிபார்ப்பு. பெயர் எண்ணிக்கை சரி என்று திருப்தியடையக் கூடாது. மாத மொத்தம் கட்டிய சலானோடு ஒத்துப்போக வேண்டும். வருஷ மொத்தம் படிவம் 6ஏ-யோடு. தனி ஆளின் கணக்கு அவளுடைய 3ஏ-யோடு. பி.எஃப். வருஷம் மார்ச் மாதக் கூலியில் தொடங்கிப் பிப்ரவரிக் கூலியில் முடியும், ஏப்ரலில் கட்டுவது மார்ச் கூலிக்கு என்பதால். ஏப்ரல் முதல் மார்ச் வரை கூட்டிவிட்டு ஏன் இடிக்கிறது என்று தலையை உடைத்துக்கொள்வார்கள். ஆளுக்கு ஆள் முழு ரூபாயாக்கிப் பிறகு கூட்டினால் ஒரு தொகை, கூட்டிய பிறகு முழு ரூபாயாக்கினால் இன்னொரு தொகை. வித்தியாசம் ஒரு ரூபாய் என்றாலும் காரணம் எழுதும்வரை அந்த மாதத்தை மூடக் கூடாது.

அதன் பிறகு இரண்டும் சேர்ந்து ஓடட்டும். கணக்கர் பழையதில் பதிவதையே புதியதிலும் பதிய வேண்டும். இரட்டை வேலை, அதற்குக் கூடுதல் ஆளோ படியோ கொடுக்க முதலாளியிடம் முன்பே பேசிவிட வேண்டும். மாதம் மாறும் வாரம், போனஸ் போடும் வாரம், பண்டிகைச் சம்பளம் வரும் வாரம், இந்த மூன்றையும் தாண்டாமல் பழையதை நிறுத்தக் கூடாது. பி.எஃப். இணையதளத்துக்கு ஏற்றும் இ.சி.ஆர். கோப்பு இரண்டிலிருந்தும் ஒன்றேபோல வருகிறதா என்பது கடைசிச் சோதனை. மாற்றத்தை மார்ச் கூலியோடு தொடங்கினால் ஒரு பி.எஃப். வருஷம் இரண்டாகப் பிரியாது.

பழைய மெஷினை அணைத்தாலும் டிஸ்க் பிரதி இருக்கட்டும். அதோடு எல்லாக் கோப்புகளையும், எந்த மென்பொருளும் இல்லாமல் படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பாக மாற்றி, ஃபீல்டு அகராதியைத் தாளிலும் அச்சடித்து வைக்க வேண்டும். விதவைப் பென்ஷன் விண்ணப்பம் எத்தனை வருஷம் கழித்து வரும் என்று சொல்ல முடியாது.

இனிப் பராமரிப்பு. சோர்ஸ் கோடும் கடவுச்சொற்களும் அலுவலகத்தின் சொத்தாக, எழுதிக்கொடுத்தவரின் பென்டிரைவில் மட்டும் இல்லாதபடி இருக்க வேண்டும். விகிதம் மாறும்போது யார், எந்த அரசாணைப்படி, என்றைக்கு மாற்றினார் என்று ஒரு வரி பதிய வேண்டும். இரண்டாவது ஆள் ஒருவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். பேட்டையிலேயே அரசு ஐ.டி.ஐ.யும் ம.தி.தா. இந்துக் கல்லூரியும் இருக்கின்றன, ஆள் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியூர் பேக்கப்பைக் கொண்டுவந்து காலியான ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றி, ஏதாவது பத்துப் பேரின் பி.எஃப். எண்ணைத் தட்டி, கோப்பறையில் இருக்கும் அவர்களுடைய 3ஏ-யோடு ஒப்பிட்டு, நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். பத்தில் ஒன்று ஒத்துப்போகாவிட்டால் அன்றைய வேலை அதுதான்.