பொருத்துவதற்கு முன்பே தொடங்கும் சிகிச்சை

பாவூர்சத்திரம் சந்தைக்கு வரும் கத்தரிக்காய், செடியை விட்டு வந்த பிறகும் மூச்சுவிடுகிறது. வெயிலில் கிடந்தால் வாடும், குளிர்ச்சியில் தாங்கும். தானமாக எடுத்த சிறுநீரகமும் அப்படித்தான்.

2008-இல் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் தான இதயம் சென்னைப் போக்குவரத்தை விலக்கிக்கொண்டு பறந்தது நினைவிருக்கும். இதயத்துக்கு நாலைந்து மணி நேரம்தான் கெடு. சிறுநீரகமோ ஐஸில் ஒரு நாள்வரை பொறுக்கும். அந்தப் பொறுமையை நம்பித் தாமதிப்பதில்தான் வம்பே வருகிறது.

ரத்தம் நின்றதும் செல்களுக்குப் பிராணவாயு கிடையாது. உப்பை வெளியேற்றும் வேலை நின்று செல்கள் வீங்குகின்றன. புதிய உடலில் ரத்தம் திடீரெனப் பாயும்போது இரண்டாவது அடி. விளைவு: பொருத்திய சிறுநீரகம் உடனே விழித்துக்கொள்வதில்லை. முதல் வாரத்திலேயே மறுபடி டயாலிசிஸ். கீழப்பாவூரிலிருந்து திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ அழைத்துப் போன வீட்டார், ஆப்பரேஷனே வீணாகிவிட்டதோ என்று பதறுவார்கள். பெரும்பாலும் வீணாவதில்லை, சில நாட்களிலோ வாரங்களிலோ சிறுநீர் வரத் தொடங்கும். ஆனாலும் அப்படித் தாமதித்த சிறுநீரகத்தின் ஆயுள் குறையும் வாய்ப்பு அதிகம்.

இதைத் தடுக்க மருந்தைவிட எளிய வழி ஒன்றை அமெரிக்க மருத்துவர்கள் சோதித்தார்கள். மூளைச்சாவு அடைந்தவரின் உடல் வெப்பத்தை, உறுப்பை எடுக்கும்வரை 34 முதல் 35 டிகிரி செல்சியஸில் வைத்தார்கள். அவ்வளவுதான்! 2015-இல் வெளியான முடிவு: வழக்கமான வெப்பத்தில் வைத்திருந்தவர்களின் சிறுநீரகங்களைப் பெற்றோரில் 39 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் விழிக்கத் தாமதம், குளிர்வித்தவர்களின் சிறுநீரகங்களைப் பெற்றோரில் 28 சதவீதம். வயதானவர்கள் போன்றோரிடமிருந்து வந்த, சற்றே தளர்ந்த சிறுநீரகங்களில் பலன் இன்னும் பெரிது: 56-இலிருந்து 31 சதவீதமாக இறங்கியது.

இதற்குப் போட்டி, சிறுநீரகத்துக்குள் குளிர்ந்த திரவத்தைத் தொடர்ந்து பாய்ச்சும் இயந்திரம். 2023-இல் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தியபோது இயந்திரமே வென்றது: தாமதம் 19 சதவீதம், உடலைக் குளிர்வித்தபோது 30 சதவீதம். இரண்டையும் சேர்த்தும் கூடுதல் லாபமில்லை. ஒரு சோதனையை நம்பி மயங்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

ஆனால் இயந்திரம் விலை கூடியது. ஒவ்வொரு முறையும் திரவத்துக்கும் குழாய்களுக்கும் செலவு உண்டு. அது கிடைக்கும் இடத்தில் அதுவே முதல் தேர்வு. கிடைக்காத இடத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவில் உடல் வெப்பத்தை இரண்டு டிகிரி இறக்கிவைப்பதற்குக் கவனமான ஒரு செவிலியரும் குளிர்விக்கும் விரிப்பும் போதும். நம் மாவட்ட மருத்துவமனைகளுக்கு முதலில் எட்டக்கூடியது அதுதான்.