ஆற்றங்கரையில் ஒருவரைக் காணோம்: தேடலுக்கு எது உதவும், எது கெடுக்கும்?

கடலூர் மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஓர் ஆற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். கடலூர் நகருக்குள் கெடிலம், அதற்கு வடக்கே தென்பெண்ணை, பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கும் வெள்ளாறு, சிதம்பரத்துக்குத் தெற்கே மாவட்ட எல்லையாக ஓடும் கொள்ளிடம். இவற்றோடு வாய்க்கால்கள், தடுப்பணைகள், பிச்சாவரத்து உப்பங்கழிகள். குளிக்கப் போனவர், மீன் பிடிக்கப் போனவர், மாடு ஓட்டிப் போனவர் வீடு திரும்பவில்லை என்ற செய்தி இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பழக்கமானது. ஆனால் இப்போது, தீயணைப்பு வண்டி கரைக்கு வந்து சேரும் முன்பே வாட்ஸ்அப்பில் கதைகள் வந்து சேர்ந்துவிடுகின்றன. கடன் தகராறு, காதல் விவகாரம், பெரிய இடத்துத் தொடர்பு, போலீஸ் மறைக்கிறது என்று ஆளுக்கொரு முடிவு. இந்த ஊகங்கள் தேடலுக்கும் குடும்பத்துக்கும் என்ன செய்கின்றன, உண்மை எந்த வழியில் வெளியே வருகிறது என்பதைப் பார்ப்போம்.

ஊகம் ஒரு குடும்பத்தை என்ன செய்தது?

அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் பிரவுன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படித்த இந்திய வம்சாவளி மாணவர் ஒருவர், 2013 மார்ச் 16 அன்று கைப்பேசியையும் பர்ஸையும் அறையிலேயே வைத்துவிட்டு வெளியே போனார், திரும்பவில்லை. அவரைத் தேடக் குடும்பத்தார் பேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கி, புகைப்படங்களைப் போட்டு, கண்டவர்கள் சொல்லுங்கள் என்று கெஞ்சினார்கள்.

ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 15 அன்று, பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. ஏப்ரல் 18 மாலை எஃப்.பி.ஐ. இரண்டு சந்தேக நபர்களின் படங்களை வெளியிட்டது. அன்று இரவே ரெட்டிட்டிலும் ட்விட்டரிலும் சிலர், அந்தப் படத்தில் இருப்பவர் காணாமல் போன இந்த மாணவர்தான் என்று எழுதினார்கள். போலீஸ் வயர்லெஸ்ஸில் அவர் பெயரைக் கேட்டதாகவே ஒரு பொய் பரவியது. மகனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு வசவுகள் வந்து குவிந்தன. தேடலுக்காகத் தொடங்கிய பக்கத்தையே அவர்கள் மூடிவைக்க வேண்டியதாயிற்று. மறுநாள் காலையில் உண்மையான சந்தேக நபர்கள் வேறு இரு சகோதரர்கள் என்பது தெரிந்தது. ஏப்ரல் 23 அன்று அந்த மாணவரின் உடல் பிராவிடன்ஸ் ஆற்று நீரில் கிடைத்தது. குண்டு வெடிப்பதற்கு வெகு நாள் முன்பே அவர் இறந்திருந்தார். ரெட்டிட் நிறுவனம் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டது. ஊகித்தவர்களில் பெரும்பாலோர் யாருக்கும் கெடுதல் செய்ய நினைத்தவர்கள் இல்லை. உதவுவதாகவே நம்பினார்கள். நம்மூர் வாட்ஸ்அப் குழுக்களிலும் இதுதான் நடக்கிறது.

ஆறு ஏன் உடனே பதில் சொல்வதில்லை?

'இத்தனை நாள் தேடியும் கிடைக்கவில்லையே, அப்படியானால் ஆற்றில் விழவே இல்லை' என்பது முதலில் கிளம்பும் வாதம். நீரில் மூழ்கிய உடல் முதலில் அடிக்குப் போகும். உள்ளே வாயு உண்டான பிறகே மேலே வரும். நம்மூர்க் கோடையில், வெதுவெதுப்பான தேங்கிய நீரில், இது ஓரிரு நாளில் நடந்துவிடலாம். நீர் குளிர்ந்திருந்தால் வாரக்கணக்கில் ஆகலாம். நீரோட்டம் இழுத்துப் போயிருக்கலாம். மணல் அள்ளிய பள்ளத்திலோ, வெங்காயத்தாமரைக்கு அடியிலோ, மதகின் அருகிலோ சிக்கியும் இருக்கலாம். கழிமுகத்தில் கடல் நீர் ஏறும்போது ஆற்று நீர் எதிர்த்திசையில் தள்ளப்படும் என்பதால், கீழே போனது மேலே திரும்பி வருவதும் உண்டு.

2024 பிப்ரவரி 4 அன்று, சென்னை முன்னாள் மேயர் சைதை துரைசாமியின் மகனும் திரைப்பட இயக்குநருமான வெற்றி துரைசாமி சென்ற கார், இமாச்சலப் பிரதேசத்தின் கின்னௌர் மாவட்டத்தில் சட்லெஜ் ஆற்றில் விழுந்தது. கார் விழுந்த இடம் தெரியும். உடன் சென்ற நண்பர் உயிரோடு மீட்கப்பட்டார். அப்படியிருந்தும், பேரிடர் மீட்புப் படையும் முக்குளிப்பவர்களும் தேடி, பிப்ரவரி 12 அன்றுதான் உடல் கிடைத்தது. எங்கே விழுந்தார் என்பது தெரிந்த ஆற்றிலேயே எட்டு நாள் ஆகிறது. விழுந்தாரா என்பதே தெரியாத இடத்தில் எவ்வளவு ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

'நன்றாக நீச்சல் தெரிந்தவர்' என்பது அடுத்த வாதம். சுழலும் சேறும் நீச்சல் தெரிந்தவரையும் விடுவதில்லை. மேட்டூரும் கல்லணையும் தாண்டி உபரி நீர் வரும் நாட்களில் கொள்ளிடத்தின் ஆழமும் வேகமும் மாறிவிடும். சிதம்பரம் அருகே திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி போன்ற திட்டுக் கிராமங்களையே சூழ்ந்துகொள்ளும் நீர் அது. நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஏ.குச்சிப்பாளையம் அருகே 2022 ஜூன் 5 அன்று கெடிலத் தடுப்பணையில் குளிக்கப் போன சிறுமிகளும் இளம்பெண்களுமாக 7 பேர் ஒரே நேரத்தில் மூழ்கி இறந்தார்கள். ஆற்றின் பள்ளம் எங்கே இருக்கிறது என்பது மேலே நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

சிதம்பரம் பக்கத்துக்கே உரிய இன்னொரு பேச்சும் உண்டு: 'முதலை இழுத்துக்கொண்டு போய்விட்டது.' பழைய கொள்ளிடத்திலும் அதையொட்டிய வாய்க்கால்களிலும் முதலைகள் இருப்பது உண்மை. வனத்துறை அவற்றைப் பிடித்து வக்காரமாரி ஏரியில் விடுவதும் வழக்கம். எனவே இந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முதலை தாக்கியதா என்பதை உடலைப் பார்த்த மருத்துவரும் வனத்துறையும்தான் சொல்ல முடியும்.

போலீஸ் என்ன செய்கிறது?

24 மணி நேரம் கழித்துத்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி எந்தச் சட்டமும் இல்லை. ஆளைக் காணோம் என்று தெரிந்த உடனே புகார் கொடுக்கலாம். எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். எல்லை வேறாக இருந்தாலும் வழக்கைப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். கொள்ளிடம் போன்ற எல்லை ஆறுகளில் இது மிக முக்கியம். வடகரை கடலூர் மாவட்டம், தென்கரை மயிலாடுதுறை மாவட்டம். இந்தக் கரையில் காணாமல் போனவர் அந்தக் கரையில் கிடைக்கலாம். குழந்தையைக் காணோம் என்றால் கட்டாயம் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

முதலில் 'ஆண் காணவில்லை', 'பெண் காணவில்லை' என்றே வழக்குப் பதிவார்கள். உடல் கிடைத்தால் அதைச் சந்தேக மரண வழக்காக, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194 ஆம் பிரிவுக்கு மாற்றுவார்கள். 2024 ஜூலை 1 க்கு முன்பு இதுதான் பழைய சட்டத்தின் 174 ஆம் பிரிவு. கொலை என்று தெரிந்தால் மறுபடி பிரிவு மாறும். 'கேஸையே மாத்திட்டாங்க' என்று ஒருவர் சொன்னால் பதற வேண்டாம். விசாரணை நகர நகரப் பிரிவு மாறுவது இயல்பான நடைமுறை.

அதற்கிடையே கரையில் வேலை நடக்கும். தீயணைப்பு வீரர்கள் படகில் போய், பாதாளக் கரண்டியை நீருக்குள் இறக்கி அடி அடியாகத் துழாவுவார்கள். ஆற்றின் போக்கு அறிந்த உள்ளூர் மீனவர்கள் வலை இழுப்பார்கள். பக்கத்து நிலையங்களுக்குப் புகைப்படமும் அங்க அடையாளமும் போகும். கைப்பேசி கடைசியாக எந்தக் கோபுரத்தின் எல்லையில் இருந்தது, பாலத்திலும் கடைகளிலும் உள்ள கேமராக்களில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

உடலைப் பார்த்து நாம் முடிவு கட்ட முடியுமா?

முடியாது. 'முகத்தில் காயம் இருந்தது, அதனால் அடித்துக் கொன்று போட்டிருக்கிறார்கள்' என்பது படத்தைப் பார்த்ததும் எழும் பேச்சு. மீனும் நண்டும் கடிப்பதாலும், கல்லிலும் தூணிலும் மோதுவதாலும் இறந்த பிறகு காயங்கள் ஏற்படும். நீரில் கிடந்த உடல் உப்பி, நிறம் மாறும். உயிரோடு இருந்தபோது பட்ட காயமா, பிறகு பட்டதா என்பதைப் பிரேதப் பரிசோதனையில் மருத்துவர் பிரித்தறிவார். ஆற்று நீரில் டயாட்டம் எனும் நுண்பாசிகள் உண்டு. ஒருவர் உயிரோடு மூழ்கி, நீரை மூச்சில் இழுத்திருந்தால் அவை ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரை போய்ச் சேரும். இறந்த பின் நீரில் போடப்பட்டவரிடம் பொதுவாக அப்படிப் போவதில்லை. அந்தச் சோதனைக்கும், நஞ்சு உண்டா என்று பார்க்கும் உள்ளுறுப்புச் சோதனைக்கும், அடையாளம் தெரியாவிட்டால் டி.என்.ஏ. சோதனைக்கும் மாதிரிகள் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். முடிவு வர நாளாகும். அந்தத் தாமதத்தை மூடிமறைப்பு என்று நினைத்துவிட வேண்டாம்.

போலீஸுக்கும் ஒரு கடமை

2023 ஜனவரி 27 அன்று இங்கிலாந்தின் லங்காஷயரில், குழந்தைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வயர் ஆற்றங்கரையில் நாயுடன் நடந்த ஒரு பெண்ணைக் காணவில்லை. அலுவலகக் கூட்டத்தில் இணைந்தபடியே இருந்த அவருடைய கைப்பேசி பெஞ்சில் கிடந்தது. ஆற்றில் விழுந்திருக்கக்கூடும் என்று போலீஸ் சொன்னதை யாரும் கேட்கவில்லை. வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து வீடியோ எடுத்தார்கள், கிராமத்தார் வீடுகளை நோட்டம் விட்டார்கள், உடன் வாழ்ந்த துணைவரையே சந்தேகித்தார்கள். கூட்டத்தைக் கலைக்கவே போலீஸ் தனி உத்தரவு போட வேண்டியிருந்தது. பிப்ரவரி 19 அன்று அதே ஆற்றில், சுமார் ஒரு மைல் கீழே உடல் கிடைத்தது. தவறி விழுந்து மூழ்கியதே காரணம் என்று ஜூன் மாதம் மரண விசாரணை அதிகாரி அறிவித்தார்.

பிறகு நடந்த ஆய்வு போலீஸையும் விட்டுவைக்கவில்லை. உரிய நேரத்தில் உரிய தகவலைத் தராததால் ஊகத்துக்கு இடம் கிடைத்தது என்றும், அந்தப் பெண்ணின் அந்தரங்க உடல்நல விவரங்களை வெளியே சொன்னது தேவையற்றது என்றும் அது சொன்னது. நம்மூர்க் காவல் அதிகாரிகளும் இதைக் கவனிக்க வேண்டும். தேடல் எந்த நிலையில் இருக்கிறது என்று தினமும் நான்கு வரி சொன்னால் போதும், பாதி வதந்தி எழாது.

வதந்தி உயிரையே வாங்கிய மண் இது. 2018 மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்து வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று சொல்லி அடித்தே கொன்றார்கள். காரணம், வாட்ஸ்அப்பில் சுற்றிய பொய். அதுபோன்ற சாவுகள் நாடெங்கும் நடந்த பிறகுதான் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் பகிர முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

சந்தேகம் நியாயமாக இருந்தால்?

எல்லாச் சந்தேகமும் வதந்தி ஆகிவிடாது. விசாரணை சரியில்லை என்று குடும்பம் நினைத்தால் டி.எஸ்.பி.யிடமும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமும் எழுத்து மூலம் மனு கொடுக்கலாம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுக்கலாம். ஆளைச் சட்டவிரோதமாக யாரோ பிடித்து வைத்திருப்பதாகச் சந்தேகம் என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். கொடுத்த மனுவுக்கெல்லாம் ஒப்புகை ரசீது வாங்கி வைத்துக்கொள்வது முக்கியம். குடும்பத்தின் கேள்விகள் இப்படிக் காகிதத்தில் ஏறினால் அதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

எதைப் பகிரலாம், எதைப் பகிரக் கூடாது?

இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 'கொள்ளிடத்துல காணாமப் போன பையன் கேஸ்ல பெரிய ஆளுங்க இருக்காங்க. மறைக்கப் பாக்குறாங்க. எல்லா குரூப்புக்கும் அனுப்புங்க.' இதில் தேதி இல்லை, காவல் நிலையம் இல்லை, சொன்னவர் யார் என்று இல்லை. தேடுகிறவருக்கு உதவும் ஒரு விவரமும் இல்லை. இதை அழித்துவிடுங்கள்.

உதவும் செய்தியில் இவை இருக்கும்: கடைசியாகப் பார்த்த தேதியும் நேரமும் இடமும், வயது, உயரம், உடுத்தியிருந்த உடை, அண்மைப் புகைப்படம், புகார் பதிவான காவல் நிலையத்தின் பெயரும் எண்ணும். குடும்பத்தாரின் சொந்த எண்ணைப் போட வேண்டாம். பணம் கொடுத்தால் ஆளைக் காட்டுகிறோம் என்று ஏமாற்றும் அழைப்புகள் அதற்குத்தான் வரும். ஆள் கிடைத்த பிறகு படத்தை நீக்கிவிடுங்கள். உடலின் படத்தை எப்போதும் பகிராதீர்கள். பாலியல் குற்றம் தொடர்பான வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். ஒருவர் மேல் ஆதாரமில்லாமல் கொலைப்பழி போட்டால் அவதூறு வழக்கு வரும்.

அவசரத்துக்கு 112, தீயணைப்புக்கு 101, குழந்தையைக் காணோம் என்றால் 1098, பெண்களுக்கு 181. மனம் உடைந்து வீட்டை விட்டுப் போகக்கூடும் என்று யாரைப் பற்றியாவது பயம் இருந்தால், டெலி மனாஸ் மனநல உதவி எண் 14416 ஐ முன்கூட்டியே அழையுங்கள்.

அந்த நேரத்தில் ஆற்றங்கரையில் நின்றவர், பாலத்தில் போனவர், படகில் இருந்தவர் சொல்லும் ஒரு சிறு விவரம் ஒரு குடும்பத்தின் காத்திருப்பை முடித்து வைக்கலாம். நீங்கள் கண்ணால் கண்டது எதுவானாலும் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். காணாததை யாருக்கும் அனுப்பாதீர்கள்.