கைப்பேசிக்குள் ஒரு மருத்துவக் கோப்பு

“சென்ற முறை எடுத்த பரிசோதனை முடிவு இருக்கிறதா?” மருத்துவர் கேட்கும் இந்த எளிய கேள்விக்கு விடை கூறுவது பல குடும்பங்களுக்கு எளிதாக இருப்பதில்லை. முடிவு எங்கோ இருக்கிறது. மகனின் வாட்ஸ்அப்பில், பிறந்தநாள் படங்களுக்கும் காலை வணக்கச் செய்திகளுக்கும் நடுவே புதைந்திருக்கிறது. வெளிநோயாளர் பிரிவில் இந்தத் தேடலை நாங்கள் அடிக்கடி காண்கிறோம்.

பழைய முடிவுகளை மருத்துவர் கேட்பதற்குத் தக்க காரணம் உண்டு. இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு இன்று 1.6 என்று வருவதாகக் கொள்வோம். ஆறு மாதங்களுக்கு முன்பும் அதே அளவுதான் இருந்ததா, அன்று 0.9 ஆக இருந்து இப்போது உயர்ந்துள்ளதா என்பதைப் பொறுத்து அடுத்த முடிவு மாறக்கூடும். நெஞ்சுவலியோடு வருபவரின் இசிஜியில் காணும் மாற்றம் புதியதா, முன்பே இருந்ததா என்பதை அறியவும் பழைய இசிஜி பெரிதும் உதவும். அவசர நேரத்தில் தேடலில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் நோயாளியின் நிமிடமே.

முதல் நாளில் ஐந்து ஆவணங்கள்

பத்து ஆண்டுகளின் தாள்களை ஒரே நாளில் ஒழுங்குபடுத்த முனைந்தால் சலிப்பே மிஞ்சும். முதலில் இந்த ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்:

1. கடைசியாக மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது தரப்பட்ட டிஸ்சார்ஜ் சம்மரி
2. இப்போது உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டு. ஒவ்வாத மருந்து ஏதேனும் இருந்தால் அதன் பெயர்
3. அண்மைய இரத்தப் பரிசோதனை முடிவுகள்
4. அண்மைய இசிஜி மற்றும் ஸ்கேன் அறிக்கை
5. மருத்துவக் காப்பீட்டு அட்டை

தாளை மேசைமேல் சமமாக வைத்து, நல்ல வெளிச்சத்தில், நான்கு மூலைகளும் தெரியுமாறு படம் எடுங்கள். கூகுள் டிரைவ் செயலியில் உள்ள ஸ்கேன் வசதியைக் கொண்டு பல பக்கங்களை ஒரே பிடிஎஃப் கோப்பாகச் சேர்க்கலாம். வெப்பத்தாளில் அச்சாகும் இசிஜியும் சில ரசீதுகளும் காலப்போக்கில் மங்கிவிடும். அவற்றை முதலில் படம் எடுத்துவிடுங்கள். அத்தாள்களை லேமினேஷன் செய்ய வேண்டாம். அந்தச் சூட்டில் தாள் முழுதும் கறுத்துவிடக்கூடும்.

பெயரிடும் முறை

குடும்பத்தில் ஒருவருக்கு ஒரு கோப்புறை என வைத்துக்கொள்ளுங்கள். அதனுள் டிஸ்சார்ஜ் சம்மரி, பரிசோதனை, மருந்துச் சீட்டு, காப்பீடு என நான்கு பிரிவுகள் போதும். பிரிவுகள் பெருகினால் எதை எங்கே வைத்தோம் என்பதே மறந்துபோகும்.

கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள். “2025-03-14 அப்பா கிரியாட்டினின்” என்பது ஓர் எடுத்துக்காட்டு. இவ்வாறு எழுதினால் கைப்பேசி பெயர்வரிசைப்படி அடுக்கும்போது கோப்புகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும். நாளை முதலில் எழுதினால் வெவ்வேறு ஆண்டுகளின் 14ஆம் தேதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து குழப்பும். பரிசோதனையின் பெயரை எப்போதும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதினால், தேடும் கட்டத்தில் அச்சொல்லை இட்டவுடன் எல்லா முடிவுகளும் வரும்.

வாட்ஸ்அப்பும் குறுவட்டும்

ஆய்வகம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் அறிக்கையை அன்றே உரிய கோப்புறையில் சேமியுங்கள். நினைவகம் நிறைந்துவிட்டதென்று படங்களை அழிக்கும்போது அறிக்கைகளும் அழிந்துபோவதுண்டு. நீங்கள் பிறருக்கு அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்புங்கள். சிறிய எழுத்துகள் தெளிவு குன்றாமல் சேரும்.

சிடி, எம்ஆர்ஐ படங்கள் குறுவட்டில் தரப்பட்டால், அதிலுள்ள அனைத்தையும் அப்படியே ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள். ஃபிலிமைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த படம் அதற்கு ஈடாகாது.

இரண்டு இடங்கள், இரண்டு பேர்

கைப்பேசி தொலையலாம், தண்ணீரில் விழலாம். ஆகவே கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பகத்திலும் ஒரு நகல் இருக்கட்டும். அதைத் திறக்கும் வழி குடும்பத்தில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கோப்புகளைப் பராமரிப்பவரே நோயுற்றால் என்ன செய்வது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் அல்லவா?

நடுவண் அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின்கீழ் 14 இலக்க ஆபா எண்ணைப் பெற்று, அத்திட்டத்தில் இணைந்துள்ள மருத்துவமனைகளின் பதிவுகளை ஒரே இடத்தில் காணலாம். இந்த எண்ணைப் பெறுவது உங்கள் விருப்பத்தைச் சார்ந்தது. பதிவுகளைப் பகிர்வதற்கும் உங்கள் இசைவு தேவை.

மருத்துவப் பதிவுகள் அந்தரங்கமானவை. நகலகக் கணினியில் அச்செடுத்தால், கோப்பை அங்கிருந்து அழித்துவிட்டே புறப்படுங்கள். கைப்பேசிக்குத் திரைப்பூட்டு இடுங்கள்.

படம் எடுத்தாயிற்று என்று மூலத்தாள்களை எறிந்துவிட வேண்டாம். காப்பீட்டுக் கோரிக்கைக்கு மூல ரசீதுகள் தேவைப்படலாம்.

அடுத்த முறை வீடு திரும்பும்போது, டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்ததும் வார்டிலேயே அமர்ந்து படம் எடுத்துப் பெயரிட்டுவிடுங்கள். அதில் புரியாத சொல் இருந்தால் செவிலியரிடம் அப்போதே கேட்டுத் தெளியலாம்.